நன்றி சொல்லச் சொல்லும் வசனம்

இந்த வசனத்தை எத்தனை துக்க வீடுகளில் எவ்வளவு சுலபமாக விளக்கியிருக்கிறேன் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். மேசையில் விரிந்திருக்கும் வேதாகமத்தில், எல்லாவற்றுக்கும் நன்றி சொல்லச் சொல்லும் வரியின் மேல் காலை வெயில் விழுந்து கிடக்கிறது. சபையாருக்குத் தினமும் அவள் போனில் பேசி அனுப்பும் தியானத்தில் தெருச் சத்தம் கலந்துவிடாதபடி, கணவர் ஜன்னலைச் சாத்துகிறார். போனை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் சாய்த்து வைக்கிறார். இத்தனை நாளும் இதையெல்லாம் செய்துவிட்டு, "ஆரம்பிங்க, பிரசங்கியம்மா" என்று கண்ணடிப்பவள் மகள். அவளை அடக்கம் பண்ணி இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை. நாற்காலி முதுகில் அவளுடைய துப்பட்டா அப்படியே தொங்குகிறது. "ரெண்டே நிமிஷம்மா. எல்லாரும் காத்திருக்காங்க. உன் குரல் கேட்டாத்தான் அவங்க வீட்டு அடுப்பே பத்துமாம்." சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்க்கும் கணவரின் உதடு கோணிக்கொள்கிறது. பொத்தானை அழுத்துகிறார். திரையில் விநாடிகள் ஓடுகின்றன. அவள் வாயைத் திறக்கிறாள். கை நீட்டிப் பதிவை நிறுத்துகிறாள்.

"வேற வசனம் எடுத்துக்கோயேன்."

"வசனத்து மேல குறை இல்லைங்க. இன்னிக்கு நான் சொன்னா அது பொய்யாயிடும்," என்று மெல்லச் சொல்லிவிட்டு, எழுந்துபோய் ஜன்னலைத் திறக்கிறாள்.