பொறி சுட்ட சட்டை

மூடிய ஜன்னலின் இடுக்கு வழியே வெயில் ஒரு கோடாக மேசைமேல் விழுகிறது. செத்தவர்களோடு பேசுவதாகச் சொல்லும் ஆள் கண்களை மூடியபடியே, இமையிடுக்கில் எதிரே இருப்பவளின் சட்டையை மேய்கிறான். செத்துப்போன புருஷனின் பழைய சட்டை அது. கை முழுக்கத் தீப்பொறி சுட்ட பொத்தல்கள். "தெரியறார்மா. நெருப்போட மல்லுக்கட்டின மனுஷன். கடைசி நேரத்துல நீங்க பக்கத்துல..." என்று இழுக்கிறான். "இல்லீங்க" என்று அவளே முடித்துக்கொடுக்கிறாள். "அந்தக் கோவம்தான் அவருக்கு. அவர் உங்க விரல்ல போட்ட மோதிரத்தை இங்க வெச்சாத் தணியும்" என்கிறான். இரண்டு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருக்கும் பயம் அதுதான். அவள் விரலில் மோதிரம் பாதி கழன்றுவிட்டது. பக்கத்திலிருக்கும் நாத்தனார், செத்தவனின் அக்கா, அந்தக் கையை அழுத்திப் பிடிக்கிறாள். "என் தம்பி தையக்காரன்யா. இஸ்திரிப்பெட்டி சுட்டாலே ஊரைக் கூட்டுவான். அவன் சட்டையப் போட்டுக்கிட்டு வெல்டிங் பண்றது இவ!" அவன் தொண்டையைச் செருமுகிறான். "ஆவி கொஞ்சம் கலங்கலாத் தெரியுதும்மா." "அப்ப கண்ணாடி போட்டுக்க." இவள் பக்கம் திரும்பும்போது நாத்தனாரின் குரல் இறங்குகிறது. "தலமாட்டுல நான்தான்டி இருந்தேன். 'உசரத்துல நின்னு வேலை பாக்கறா, இப்பச் சொல்லிப் பதறடிக்காதீங்க'ன்னான். கோவமே இல்ல. நீ இன்னும் உடைஞ்சு போவியேன்னு நான்தான் சொல்லாம இருந்துட்டேன்." "அண்ணி" என்கிறாள். நாத்தனாரின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். வேலையில் தடித்த அவள் விரல் கணுவில் மோதிரம் திரும்ப ஏறாமல் இடறுகிறது. நாத்தனார் எச்சில் தொட்டுத் தடவி, அதை உள்ளே தள்ளிவிடுகிறாள்.