எட்டு விண்ணப்பங்கள்

"உள்ளதை உள்ளபடி எழுது, பிள்ளை. பழசைப் பார்த்துக் கொப்பி அடிக்கவேண்டாம் எண்டு அந்த மனிசி சொல்லிவிட்டவ."

குணசேகரம் மகள் நிலக்சியின் அறை வாசலில் நின்று இதைச் சொன்னார். அந்த மனிசி என்றது பிர்கிட்டவை. வேலை இழந்தவர்களுக்கு உதவிப்பணம் கொடுக்கும் அலுவலகத்தில் அவர் கோப்பு பிர்கிட்டவின் கையில்தான் இருந்தது. கிழமைக்கு இரண்டு வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும், பிரதிகளைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அன்று காலை பிர்கிட்ட அவருடைய பழைய விண்ணப்பங்களை மேசையில் பரப்பி, எல்லாம் ஒரே அச்சு, கம்பனியின் பெயர்தான் மாறியிருக்கிறது என்று சொல்லிவிட்டாள். நீங்கள் யார், வீட்டில் என்ன நிலைமை, ஏன் வேலை வேண்டும் என்று மனதிலிருந்து எழுதுங்கள். அடுத்த முறையும் இப்படி வந்தால் பணத்தை நிறுத்த வேண்டிவரும் என்று கையும் காட்டி விளங்கவைத்தாள்.

பதினான்கு வருடம் காற்றாலை இறகு செய்யும் தொழிற்சாலையில் கண்ணாடி நாரும் பசையும் அள்ளிய ஆள் அவர். பனிக்காலம் முடிய நாற்பது பேரை நிறுத்தினார்கள். முதல் பட்டியலிலேயே அவர் பெயர் இருந்தது. தூக்கு, பிடி, விடு, கவனம், சாப்பாட்டு நேரம் என்கிற டெனிஷ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. கடிதம் வேறு. அதற்கு நிலக்சிதான். பதினேழு வயது. தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை.

அன்று தமிழில் கேட்டாள்.

"எல்லாத்தையும் எழுதட்டோ அப்பா?"

"ஓம், எல்லாத்தையும். பொய் எழுதினால்தான் பிழை."

அவள் அவர் முகத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

ஊரில் போர் முடிந்துவிட்டதென்று அறிவித்து அன்றைக்கு நாலாம் நாள். அவருடைய தம்பி துவாரகன் கடைசியாகக் கதைத்தது பங்குனியில். மனைவி பிள்ளைகளோடு கடற்கரைப் பக்கம் பங்கர் வெட்டி இருக்கிறோம் என்றவன். பிறகு ஒரு தகவலும் இல்லை. முகாமுக்குள் ஏற்றியிருப்பார்கள், அங்கே போன் விடமாட்டார்களாம் என்று மனைவி தவமலர் சொன்னாள். முதலில் வேலையைப் பாருங்கள் என்றாள்.

அவருக்கு இதயத்தில் அடைப்பு எடுத்து ஒரு வருடம் ஆகவில்லை. அதனால் வீட்டில் எல்லாப் பாரத்தையும் தவமலரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். போன் அடித்தால் அவள்தான் ஓடிப்போய் எடுத்தாள். தமிழ்த் தொலைக்காட்சி தெரியவில்லை, டிஷ்ஷைக் காற்றுத் திருப்பிவிட்டது என்றாள். மீன் கறியும் நின்றுபோனது. கேட்டதற்கு, உதவிப்பணத்தில் இருந்துகொண்டு மீனோ என்றாள். அது அவருக்கு நியாயமாகவே பட்டது.

நிலக்சி எழுதிய கடிதங்கள் இப்போது இரண்டு தாள் நிறைய வந்தன. முன்பு அரைப் பக்கம்கூட வராது. சலவைத் தொழிற்சாலை, பன்றி வெட்டுமிடம், வெதுப்பகம். அவள் நீட்ட நீட்ட அவர் ஒப்பம் வைத்தார். தானே உறைக்குள் போட்டு, முத்திரை ஒட்டி, தபால்பெட்டிக்குக் கொண்டுபோனார். வழியில் பீற்றரைக் கண்டார். அவனும் ஊர்க்காரன்தான், அதே தொழிற்சாலையில் வேலை இழந்தவன். ஒட்டாத உறையை வாங்கி, உள்ளே இருந்ததை விரிக்காமல் தடவிப் பார்த்துச் சிரித்தான்.

"அண்ணை, உந்த நீளத்துக்கு எழுதினா, வேலைக்குக் கூப்பிட மாட்டாங்கள். கலியாணம் பேசத்தான் வருவாங்கள்."

நாலு கிழமையில் எட்டுக் கடிதம் போனது. இரண்டுக்குப் பதில் வந்தது. நிலக்சி வாசித்துவிட்டு, இல்லையாம் என்று மட்டும் சொன்னாள்.

ஆனி நடுவில் பிர்கிட்ட மறுபடி கூப்பிட்டாள். பணம் நிறுத்துகிற விஷயம் என்பதால் பிரெடெரிசியா நகரிலிருந்து யசிந்தா என்ற மொழிபெயர்ப்பாளரையும் வரவழைத்திருந்தார்கள். குணசேகரம் ஸ்திரி போட்ட சேட்டோடு போய் உட்கார்ந்து, எட்டுப் பிரதிகளையும் மேசைமேல் வைத்தார். இதுவும் சரிவராவிட்டால் அடுத்த மாத வாடகைக்கு வழியில்லை.

பிர்கிட்ட முதல் கடிதத்தை எடுத்தாள். பாதியில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். துடைத்துப் போட்டுக்கொண்டு தொடக்கத்திலிருந்து வாசித்தாள். இரண்டாவதை எடுத்தாள். மூன்றாவதில் ஒரு இடத்தை மட்டும் தேடிப் பார்த்தாள். மற்ற ஐந்திலும் அதே இடத்தைப் பார்த்தாள்.

குணசேகரம் கதிரையின் நுனிக்கு நகர்ந்தார். பிள்ளை திரும்பவும் ஒரே மாதிரி எழுதிவிட்டாளோ.

பிர்கிட்ட எழுந்தாள். மேசையைச் சுற்றி வந்து அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து, வேலைத்தலத்தில் அவர் ஒருநாளும் கேட்டிராத ஒரு சொல்லைச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. இந்த நாட்டில் எந்த அலுவலகத்திலும் ஒருவரும் அவர் கையை இப்படிப் பிடித்ததில்லை. எழும்புவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழும்பி நின்றுகொண்டு, பக்கத்தில் கடிதத்தை இழுத்து வாசித்துக்கொண்டிருந்த யசிந்தாவைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன தங்கச்சி, எங்கயோ வேலை சரிவந்திட்டுதோ?"

யசிந்தா நிமிர்ந்து அந்தச் சிரிப்பைப் பார்த்தாள். வாசித்த வரியை விரலால் மூடினாள். பிறகு விரலை எடுத்தாள்.

"அண்ணை... உங்கட தம்பியும் மனிசியும் ரெண்டு பிள்ளையளும் மே பதினாறு பங்கருக்குள்ள செல் விழுந்து செத்துப்போட்டினம் எண்டு இதில எழுதி, நீங்கள்தானே ஒப்பம் வைச்சிருக்கிறியள்?"