அறிவு: நாலு

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் விளையாட்டு நடக்கிறது. பகடை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகக் கதைக்குள் போகும் விளையாட்டு. வீரனின் பலம், அறிவு எல்லாம் அவரவர் தாளில் எண்களாக இருக்கும். கதையை நடத்தும் அண்ணன், கல் கதவும் கப்பியில் தொங்கும் சங்கிலியும் வரைந்த படத்தை நடுவில் தள்ளுகிறார். "இதை எப்படித் திறப்பீங்க?" எல்லோரும் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். லிப்ட் மெக்கானிக்கான தம்பி, கிரீஸ் போகாத நகத்தால் சங்கிலியின் மறுமுனையைத் தொடுகிறான். "இங்க பெரிய கல்லாக் கட்டித் தொங்கவிட்டா கதவு தானா மேல ஏறும்ணே." "டேய், உன் ஆளுக்கு அறிவு நாலுதான். அவனுக்கு இதெல்லாம் தோணவே தோணாது. செல்லாது." மின்விசிறிக் காற்றில் தாள்கள் படபடக்கின்றன. தங்கையின் கணவர் தொண்டையைச் செருமுகிறார். "அப்ப நான் சொல்றேன் மச்சான். மறுமுனையில ஒரு கல்லைக் கட்டுவோம்." "பிரமாதம் மாப்ள! உங்க ஆளுக்கு அறிவு பதினாறாச்சே, கதவு திறந்துடுச்சு!" தங்கை கைதட்டுகிறாள். தம்பி தன் தாளையே பார்க்கிறான். பகடையில் விழுந்த எண்களை எந்தத் திறமைக்கு வேண்டுமானாலும் அவரவர் எழுதிக்கொள்ளலாம் என்பது விதி. காலையில் அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, "உனக்கு எதுக்குடா அறிவு, மூட்டை தூக்க பலம் இருந்தா போதாதா" என்று சிரித்தபடி தாளைப் பிடுங்கியவர் அண்ணன். தாளில் மற்றதெல்லாம் தம்பியின் பென்சில் எழுத்து. அந்த நாலு மட்டும் அண்ணனின் பேனா.