வாய் திறக்காத நம்பர்

"நிறஞ்சலா, அந்த நம்பரை இப்பவே குரூப்பில இருந்து தூக்கு."

மோட்டார் சைக்கிளை நிறுத்திய கையோடு மில்ரன் குசினிக்குள் வந்து நின்றான். நிறஞ்சலா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்த நம்பரை?"

"மயில் படம் போட்ட நம்பர். ஒருநாளும் வாய் திறக்காதே, அதுதான். அது ஆரெண்டு தெரியுமே? புலனாய்வு."

தலைமன்னாரில் அவர்கள் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. கடலில் காற்று எப்படி, மீன் என்ன விலை, யார் வீட்டில் செத்தவீடு, எல்லாச் செய்தியும் அதில்தான் வரும். அட்மின் நிறஞ்சலா. வீட்டையும் அவள் அப்படித்தான் நடத்துகிறாள் என்பது மில்ரனின் பழைய முறைப்பாடு.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"போன் கடை நுஃமான். என்ர போனில மயிலைக் கண்டதும் அவன்ர முகமே செத்துப்போச்சு. சண்டையில செத்த பிள்ளையளின்ர படத்தைப் பேஸ்புக்கில போட்டானெண்டு அவனைக் கூப்பிட்டு விசாரிச்சாங்களெல்லே? கூப்பிட்டது இந்த நம்பரில இருந்துதானாம்."

நிறஞ்சலா கத்தியைக் கீழே வைத்தாள். "தீவிரவாதியோ எண்டு கேட்டு நாள் முழுக்க இருத்தி வச்சவங்கள். போனையும் பறிச்சு வச்சிருக்கிறாங்கள். குழந்தையளுக்கு அழுறதும் குற்றமோ?" என்றாள். அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்திருந்தது.

"அவன் படம்தான் போட்டவன். நான் அரசாங்கத்தைத் திட்டி எத்தினை வொய்ஸ் போட்டிருப்பன்?"

"ஓம், எல்லாம் கேட்டனான். வடிவாத் திட்டினீங்கள்."

"பகிடி விடாத. கத்தார் வேலைக்குக் கேட்ட பொலிஸ் நற்சான்று ரிப்போட் மாசக்கணக்காக் கிடக்கு. இந்த மாசத்துக்குள்ள குடுக்காட்டி வேலை வேற ஆளுக்குப் போயிடும். ஏன் வரேல்லை எண்டு இப்பதான் விளங்குது."

அவன் பயத்தில் நியாயம் இருந்தது. படகு எஞ்சின் திருத்தும் வேலை வரவர வற்றிக்கொண்டு போனது. கத்தாரில் கிடைத்த வேலையை நம்பித்தான் பாதியில் நிற்கும் வீட்டை முடிக்கலாம் என்று இருவரும் இருந்தார்கள்.

"நாங்கள் எங்கட தெருவுக்குள்ள கதைக்கிறதை ஒட்டுக்கேக்க அவங்களுக்கு என்ன உரிமை?" என்றான் மில்ரன்.

"ஒரு உரிமையும் இல்லை."

"அப்ப தூக்கன்."

நிறஞ்சலா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மில்ரனுக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவள் நெடுநேரம் எழுதினாள். ஒரு நம்பரைத் தூக்க இவ்வளவு எழுத்து வேண்டாமே என்று எட்டிப் பார்த்தவன் திகைத்துப் போனான்.

'எங்கள் சகோதரன் நுஃமான் ஒரு பிழையும் செய்யாதவர். பறித்த போன் அவர் கைக்கே திரும்பி வரவேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்.'

"உனக்கென்ன விசரே? அந்த மயில்காரன் பாக்கப்போறான்."

"பாக்கட்டும்."

ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிப்பவள் நிறஞ்சலாதான். அந்தப் பழக்கம் அவள் விரலுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் பவுசர் வராவிட்டாலும் மன்றாட்டு, தெருவிளக்கு எரியாவிட்டாலும் மன்றாட்டு. குழுவில் சிலர் கீழே 'எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று எழுதிச் சிரிப்புப் படமும் போடுவார்கள்.

"முந்தநாள் என்ர ரிப்போட்டுக்கும் மன்றாட்டுப் போட்டாய். நான் வெளிநாடு போறது இப்ப ஊருக்கே தெரியும். கண்ணூறு பட்டுத்தான் எல்லாம் இழுபடுது."

"கண்ணூறோ புலனாய்வோ, ஒண்டை வடிவாச் சொல்லுங்கோ."

அதற்குள் மில்ரனின் போன் அடித்தது. எடுத்தவன் நிமிர்ந்து நின்றான். "ஓம் சேர்… ஓம் சேர்… நல்லது சேர்" என்பதைத் தவிர வேறொன்றும் அவன் வாயில் வரவில்லை.

"பொலிஸில இருந்து," என்றான் போனை வைத்துவிட்டு. "ரிப்போட்டை நேற்று அனுப்பியாச்சாம். சுணங்கினதுக்குக் குறை நினைக்க வேண்டாமாம்."

நிறஞ்சலா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அவன் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். மீன் மணம் அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் இருவரும் சும்மா சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு மில்ரன் பழையபடி தொடங்கினான். "சரி, தப்பிட்டம். இனியாவது அவனைத் தூக்கு."

"அதுதான் ஏலாது. இந்தத் தெருவுக்காக நான் எத்தினை கந்தோர் ஏறி இறங்கியிருப்பன்? ஒரு மனுவையாவது ஆரும் பிரிச்சுப் பாத்தவையே? அரசாங்கத்தில நாங்கள் எழுதிறதை ஒரு சொல்லும் விடாம வாசிக்கிறது இவன் ஒருத்தன்தான்," என்று நிறஞ்சலா மீன் சட்டியைத் தூக்கினாள். "அதாலதான் போன வருசம் வீடுவீடா எங்கட விபரம் பதிய வந்த இவனிட்டயே நம்பரைக் கேட்டு வாங்கி, நானே குரூப்பில சேத்தனான்."