கீறாத பைகள்

ரிங்லெட் மலையூரில் வைக்கோலும் தேயிலைக் கழிவும் அடைத்துக் காளான் வளர்த்த அமிர்தலிங்கம் இடக்கைக்காரர். காளான் வெளியே வர அவர் பையைக் கீறினால் கீறல் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். எண்பத்து மூன்றாம் வயதில் அவர் காலமானார். மனைவி வடிவம்மாள் தனியாகப் பைகளை அடைத்தாள். பூஞ்சை படர்ந்து பைகள் வெளுத்ததும் கத்தியோடு கொட்டகைக்குப் போனாள். எல்லாப் பைகளும் ஏற்கெனவே கீறப்பட்டிருந்தன, இடப்பக்கமாக.

காளான் வாங்க வந்த காளியண்ணன் சிரித்தான். “என்ன அண்ணி, அண்ணன் சொத்தோட கோணலையும் உங்க பேருக்கே எழுதி வச்சிட்டாரு லா!”

அடுத்த முறையும் அப்படியே நடந்தது. அதற்கடுத்த முறை அவளுக்கு மனசு கேட்கவில்லை. “இருந்தப்பவும் ஓயல, போயுமா வேலை? நீங்க படுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று சொல்லி, முந்திக்கொண்டு தானே எல்லாவற்றையும் கீறினாள்.

அதன்பிறகு எந்தப் பையிலும் அந்தக் கீறல் விழவில்லை. “தெரியாமச் சொல்லிட்டேங்க” என்று வெறும் கொட்டகையில் நின்று கெஞ்சியும் பார்த்தாள்.

இப்போது பைகளுக்குள்ளேயே காளான்கள் முளைத்து, பிளாஸ்டிக்கில் முகம் அழுத்தி மஞ்சளாகின்றன.

“எல்லாம் அழுகுது அண்ணி, கத்தியக் குடுங்க. நான் கீறுறேன்” என்றான் காளியண்ணன்.

வடிவம்மாள் கத்தியை மடியில் மறைத்தாள்.

“வேணாம் தம்பி. அவரு எந்திரிக்கட்டும்.”