வகுப்பு முடியும்வரை

அத்தனை கதிரைகள் காலியாக இருந்தும் சுசிலா என் பக்கத்துக் கதிரையில்தான் வந்து உட்கார்ந்தாள்.

லண்டன் ஓரத்து ஹரோவில் எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் வருடக்கணக்காக இந்த முகத்தைப் பார்த்து அலுத்துப்போயிருந்தேன். லண்டனின் நடுவில், ஒரு பல்கலைக்கழகத்தின் வரவேற்புக் கூடத்திலும் அதே முகமா?

“என்ன ஷாமளா, பேயைக் கண்ட மாதிரி முழிக்கிறியள்? எங்கடை மகள் கம்சிகாவுக்கும் இடம் கிடைச்சிட்டுது. பிந்தித்தான் சொன்னவை.”

எனக்கு வயிறு எரிந்தது.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே பல்கலைக்கழகக் கணிதம் படிப்பதற்கு இங்கே ஒரு சனிக்கிழமை வகுப்பு நடக்கிறது. லண்டன் முழுவதிலும் இருந்து பிள்ளைகள் பரீட்சை எழுதுவார்கள். கொஞ்சப் பேரைத்தான் எடுப்பார்கள்.

என் மகன் அபிஷனும் எழுதினான். முடிவு வருவதற்கு முன்பே, தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் நின்று, இனி அபிஷன் சனிக்கிழமைகளில் தமிழுக்கு வரமாட்டார், யுனிவர்சிட்டிக்குப் போகிறார் என்று எல்லாத் தாய்மாருக்கும் சொல்லிவிட்டேன். முக்கியமாகச் சுசிலாவுக்கு. அன்றைக்கு அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். அந்தக் கிழமை முழுவதும் எனக்கு நல்ல நித்திரை.

பிறகு முடிவு வந்தது. அபிஷனை எடுக்கவில்லை.

சொன்னதைத் திருப்பி வாங்க எனக்கு வாய் வரவில்லை. சனிக்கிழமைகளில் அவனை வீட்டில் வைத்திருக்கவும் வழியில்லை. ஹரோவில் எந்தத் தெருவில் எட்டிப் பார்த்தாலும் எங்கள் ஆட்கள்தான்.

அதனால் சனிதோறும் இரண்டு பேரும் ரெயில் ஏறி இங்கே வருகிறோம். பல்கலைக்கழகத்தின் பெயர்ப்பலகைக்குக் கீழே அவனை நிறுத்திப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். பிறகு அவன் தெருமுனையில் இருக்கும் பர்கர் கடைக்குப் போய்விடுவான். அங்கேயும் அதிக நேரம் இருக்க விடமாட்டார்கள். மிச்ச நேரம் தெருவில் நடப்பான். நான் உள்ளே வந்து, மற்றத் தாய்தகப்பன்மாரைப் போலக் காத்திருப்பேன். தெரிந்தவர்கள் யாராவது வந்து எட்டிப் பார்த்தால் நான் இருக்க வேண்டுமே.

“அம்மா, நான் தமிழுக்கே போறனே” என்று போன கிழமை கேட்டான்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் சுசிலாவின் முகத்தை நினைத்தால் அந்தப் பாவம் பறந்துவிடுகிறது.

இப்போது அதே சுசிலா என் பக்கத்தில். ஒரு மணிக்கு லிப்ட் திறந்து பிள்ளைகள் இறங்கும்போது அபிஷன் அவர்களோடு வரமாட்டான். வகுப்பில் அப்படி ஒருவன் இல்லை என்று கம்சிகா இதற்குள் தாய்க்குச் சொல்லியிருப்பாள். என் மானத்தை வாங்கத்தான் இவள் ரெயில் ஏறி வந்திருக்கிறாள்.

“அபிஷனுக்கு இப்ப என்ன படிப்பிக்கினமாம்?”

ஆழம் பார்க்கிறாள். விடுவேனா?

“நிகழ்தகவு” என்றேன். நான் யாழ்ப்பாணத்தில் படித்த காலத்துச் சொல் ஒன்று, நல்ல நேரத்துக்கு வாயில் வந்தது.

“ஓம், ஓம். கம்சிகாவும் அதைத்தான் சொன்னவள்.”

கடவுள் இருக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் அவள் நிறுத்தவில்லை. படிப்பிக்கிறவர் நல்லவரா, வீட்டுவேலை நிறையக் கொடுக்கிறாரா, பெண்பிள்ளைகள் எத்தனை பேர் என்று ஒன்றுமே தெரியாதவள் போலக் கேட்டுக்கொண்டே போனாள். நான் பொய்க்கு மேல் பொய்யாக அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். பூனை எலியோடு விளையாடுவது எனக்கு விளங்காதா? பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னேன்.

அப்போதுதான் வாசலில் இருந்த காவலாளி எழுந்து வந்து, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று மரியாதையாகக் கேட்டார். சனிக்கிழமைக் கணித வகுப்புப் பிள்ளைகளுக்காக என்று சுசிலாவே முந்திக்கொண்டு சொன்னாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இன்றைக்கு வகுப்பு இல்லையே, ஆசிரியருக்குச் சுகமில்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் முந்தாநாளே அறிவித்துவிட்டார்கள் என்றார். மேலே ஒருவரும் இல்லை, கதவே பூட்டித்தான் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

தொலைந்தேன். உங்கடை பிள்ளைக்கு மட்டும் ஏன் அறிவிக்கவில்லை என்று இப்போது கேட்பாள். நாளைக்கு ஹரோ முழுவதும் சிரிக்கும். வருவது வரட்டும் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

சுசிலா கேட்கவில்லை. கைப்பையின் சிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். நெற்றி வியர்த்திருந்தது.

கம்சிகாவுக்கும் ஒருவரும் அறிவிக்கவில்லை.

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சம் இல்லை. வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. அதற்குள் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவளுக்கும் விளங்கிவிட்டது.

முதலில் எழுந்து போகிறவள் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு பேரும் அசையவில்லை.

“ஆரும் கேட்டால், இண்டைக்கு வகுப்பு நடந்தது” என்றாள் சுசிலா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

“ஓம். ஒரு மணிக்குத்தான் விட்டவை” என்றேன் நான்.

அப்போது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. வெளியே தைமாதக் குளிர். பிள்ளைகள் இரண்டும் எந்தெந்தத் தெருவில் நடந்துகொண்டிருந்தனவோ தெரியாது. நாங்கள் ஒரு மணி வரைக்கும் அப்படியே இருந்தோம்.