விலங்குகளைப் பற்றிச் சில தவறான தகவல்கள்

"ஆபத்து வந்தா நெருப்புக்கோழி தலையை மண்ணுக்குள்ள புதைச்சுக்கும்," என்றேன்.

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே படுத்திருந்தாள்.

"வௌவாலுக்குக் கண்ணே தெரியாது."

அதற்கும் ஒன்றுமில்லை.

இரண்டும் சுத்தப் பொய். எனக்கே தெரியும். நான் ஏசி மெக்கானிக். விலங்குகளைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே என் மனைவி சொல்லித் தந்தவை. சொல்லித் தந்தவை என்று கௌரவமாகச் சொல்கிறேன். உண்மையில், நான் தப்பாக எதையாவது உளறி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவை.

அவள் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்துகிறவள். யார் வீட்டு விருந்தாக இருந்தாலும் சரி, ஒரு மிருகத்தைப் பற்றி யாராவது தப்பாகச் சொல்லிவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுடைய கல்லூரியில் ஏசி மாட்டப் போனபோதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். ஒட்டகம் திமிலில் தண்ணீர் சேர்த்து வைக்குமாமே என்று பேச்சை ஆரம்பித்தேன். "கொழுப்பு," என்றாள். என்னைத்தான் சொல்கிறாள் என்று முகம் சுண்டிப்போயிற்று. திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு என்று அவள் விளக்கி முடிப்பதற்குள் எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு, குறுக்கே பேசாத மனைவியாக ஒருத்தி வாய்த்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதும் உண்டு. இப்போது வாய்த்துவிட்டாள். இந்த வரம் யாருக்கும் வேண்டாம்.

குழந்தை நாள் நிறையாமல் பிறந்தது. உடனே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். இவளுக்கோ விடாத காய்ச்சல், வேறு வார்டு. நர்ஸ்கள் தூக்கினார்கள், டாக்டர்கள் தூக்கினார்கள், நான் தூக்கினேன், என் அக்கா தூக்கினாள். பெற்றவள் கை மட்டும் படவில்லை.

வீட்டுக்கு வந்ததும் குழந்தையைப் பக்கத்தில் கிடத்தினோம். யார் வீட்டுப் பிள்ளையோ என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சுவரோரம் நகர்ந்து படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் யாரிடமும் பேசவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு மனசு இப்படி அமுங்கிப்போகும், சரியாகிவிடும் என்றார் டாக்டர். மாத்திரை எழுதித் தந்தார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றும் சொன்னார்.

பேச்சுக் கொடுக்க எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். எரிச்சலிலாவது வாயைத் திறக்க மாட்டாளா என்று தப்புத் தப்பாக எடுத்துவிட்டேன்.

யானைக்குத் தும்பிக்கை வழியாகவே தண்ணீர் வயிற்றுக்குள் இறங்கும் என்றேன். ஆக்டோபஸுக்கு ஒரே ஒரு இதயம் என்றேன். மூன்று என்று அவள் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள்! பனிக்கரடியின் கறுப்புத் தோலை வெள்ளையாக்கினேன். பச்சோந்தியைச் சிவப்புத் துண்டின்மேல் விட்டு அதையும் சிவப்பாக்கினேன். கடைசியில் ஒட்டகத்தின் திமிலில் மறுபடியும் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன்.

எதற்கும் அசையவில்லை.

இன்று வேலையிலிருந்து வந்ததும் அக்கா குழந்தையை என் தோளில் போட்டாள். "முதல்ல சாப்பிடு. அப்புறம் உன் மிருகக்காட்சிசாலையைத் திறக்கலாம்," என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

நான் சாப்பிடவில்லை. நெருப்புக்கோழியும் வௌவாலும்தான் மிச்சமிருந்தன, அவற்றையும் வந்ததும் சொல்லித் தீர்த்துவிட்டேன். கையில் சரக்கு இல்லை. உடம்பில் தெம்பும் இல்லை. பகலெல்லாம் ஊரார் வீடுகளைக் குளிர வைத்துவிட்டு வந்து, நின்றுகொண்டே தூங்கிவிடுவேன் போலிருந்தது. ஒட்டகச்சிவிங்கி அப்படித் தூங்கும். அது மெய்யாகவே தூங்கும்.

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். குழந்தை முனகியது. முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, எதையாவது பேச வேண்டுமே என்று வேலைக் கதையைச் சொன்னேன்.

"இன்னிக்கு ஒரு வீட்ல, ஏசியோட வெளிப்பெட்டிக்குப் பின்னால குருவி கூடு கட்டியிருந்துச்சு. ஒரு குஞ்சு கீழ விழுந்து கிடந்தது. கை படாம அட்டையில அள்ளித்தான் கூட்டுல விட்டேன். மனுஷக் கை பட்டுட்டா தாய் சேர்த்துக்காதே."

கட்டில் அசைந்தது.

"யார் சொன்னா?"

பேசாமலே கிடந்ததில் குரல் கரகரத்தது. ஆனால் அவள் குரல்தான்.

"எல்லாரும் சொல்றதுதானே..." என்று இழுத்தேன்.

"தப்பு." எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அதற்கே மூச்சு வாங்கியது. "எத்தனை பேர் கை பட்டாலும் சேர்த்துக்கும். கூட்டுல கொண்டுபோய் வெச்சா போதும். அது கத்தும். அம்மா வந்துடும்..."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. அழுதாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகுதான், அவளிடம் போய் என்ன சொல்லித் தொலைத்திருக்கிறேன் என்று உறைத்தது. தோளில் கிடந்த குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.

இத்தனை நாள் சொன்ன பொய்களிலேயே அது ஒன்றைத்தான் உண்மை என்று நம்பிச் சொல்லியிருந்தேன்.

அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். என் தோளையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு கட்டிலை விட்டு மெதுவாக இறங்கினாள்.

"அசையாம உட்காருங்க. கை கழுவிட்டு வந்து வாங்கிக்கறேன்," என்றாள்.